ஐயர் மறுபடி எப்போது வருவார்?

கேள்வி: தென் மாவட்டம் ஒன்றில் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சேகர குருவாக, அதாவது சில ஊர்ச் சபைகளுக்குப் பொறுப்பான போதகராக இருக்கிறேன். எங்கள் பக்கம் போதகரை ‘ஐயர்’ என்பார்கள். குருப்பட்டம் பெற்று 3 வருடம் ஆகிறது. என் பொறுப்பில் 4 ஊர், 280 குடும்பம். பிரசங்கம் நன்றாக இருக்கிறது என்கிறார்கள். ஆனால் ஒரு பெரியவர், ‘ஐயரு வருவாரு, ஜெபம் பண்ணுவாரு, போயிருவாரு’ என்று என் காதுபடவே சொன்னார். 4 மாதத்துக்கு முன் எங்கள் சபையில் 19 வயதுப் பையன் ஒருவன் தற்கொலை செய்துகொண்டான். அடக்கத்துக்கு மறுநாள் அவன் அம்மாவிடம், ‘எல்லாம் தேவ சித்தம்மா, மனசைத் தேத்திக்கோங்க’ என்றேன். முகத்தைத் திருப்பிக்கொண்டார். அதற்குப் பிறகு கோவிலுக்கே வரவில்லை. எனக்கும் அந்தத் தெருவுக்குள் போகக் கால் எழவில்லை. நல்ல போதகராக இருக்க என்னிடம் என்ன குறைகிறது?

பதில்:

அன்புள்ள ஐயர் அவர்களுக்கு,

அன்று வாயில் வந்த வார்த்தை தவறுதான். ஆனால் துக்க வீட்டில் தவறாகப் பேசாத குருவானவர் யாரும் கிடையாது. அதைவிடப் பெரிய தவறு, நீங்கள் 4 மாதமாக அந்தத் தெருவுக்குப் போகாமல் இருப்பது. முதல் சந்திப்பை எந்த ஐயரும் செய்துவிடுவார். ஊர் எதிர்பார்க்கும், கோவில் பணியாளரான கோவில்பிள்ளை வந்து கூப்பிடுவார், போய்த்தான் ஆக வேண்டும். யாரும் கூப்பிடாத இரண்டாவது சந்திப்பில்தான் மேய்ப்பர் யாரென்று தெரிகிறது. அந்தப் பெரியவர் சொன்னதும் அதையேதான். ‘போயிருவாரு’ என்றதில் உங்கள் ஜெபத்தின் மேல் அவருக்குக் குறை ஒன்றும் இல்லை.

‘தேவ சித்தம்’ ஏன் அப்படிச் சுட்டது என்று பார்ப்போம். நீங்கள் ஆறுதலாகச் சொன்னீர்கள். பெற்றவள் காதில் அது ‘உன் பிள்ளையை எடுத்தது கடவுள்’ என்று விழுந்திருக்கும், இல்லாவிட்டால் ‘இதற்கு மேல் அழாதே’ என்று விழுந்திருக்கும். இரண்டும் அவர் வாயை அடைத்துவிடுகிற வார்த்தைகள். வேதாகமத்தில், பிள்ளைகளைப் பறிகொடுத்த யோபுவின் சிநேகிதர்கள் 7 நாள் இரவும் பகலும் அவனோடு தரையில் உட்கார்ந்து ஒரு வார்த்தையும் பேசவில்லை என்று யோபு புத்தகத்தின் 2-ஆம் அதிகாரக் கடைசி வசனம் சொல்கிறது. அதுவரை சரியாகத்தான் செய்தார்கள். விளக்கம் சொல்ல வாயைத் திறந்த பிறகுதான் எல்லாம் கெட்டது.

இந்த வீட்டில் இன்னொரு புண்ணும் இருக்கலாம், விசாரியுங்கள். 1662-ஆம் ஆண்டின் இங்கிலாந்து சபை ஜெபப் புத்தகம், தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டவருக்கு அடக்க ஆராதனை முறைமையைப் பயன்படுத்தக் கூடாது என்றது. கத்தோலிக்கரின் 1917-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டமும் அப்படியே தடுத்தது. 1983-இல் வந்த புதிய சட்டத்தில் அந்தத் தடை இல்லை. புத்தகத்தில் இருந்து போனாலும் பழக்கத்தில் இருந்து போவதில்லை. மணி அடிக்காமல் விடுவது, கோவிலுக்குள் பெட்டியைக் கொண்டுவராமல் வீட்டோடு முடிப்பது, கல்லறைத் தோட்டத்தின் மூலையில் இடம் காட்டுவது என்று ஏதாவது நடந்திருந்தால், அந்தத் தாய் உங்கள் ஒரு வாக்கியத்துக்கு மட்டும் கோபப்படவில்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள். சேகர கமிட்டி முடிவு செய்தது என்று ஒதுங்க முடியாது. அங்கே நின்றவர் நீங்கள்.

இனி, போகிற விதம். சாயங்காலம் வேண்டாம், அக்கம்பக்கத்தார் வாசலில் உட்கார்ந்திருப்பார்கள். காலை 10, 11 மணிவாக்கில், வீட்டு வேலை ஓய்ந்த நேரத்தில் போங்கள். உங்கள் மனைவி ஐயரம்மாவையோ, அந்தத் தாய்க்குப் பிடித்த ஒரு மூத்த பெண்ணையோ கூட்டிப் போகலாம். பெண்கள் ஐக்கிய சங்கத்தையே திரட்டிக்கொண்டு போகக் கூடாது. வேதாகமம் பைக்குள் இருக்கட்டும், கையில் வேண்டாம். உட்கார்ந்ததும் காரணங்களை அடுக்காமல் நேரே சொல்லுங்கள்: ‘அன்னைக்கு நான் சொன்னது தப்பும்மா. அதுக்கப்புறம் வராம இருந்தது அதைவிடத் தப்பு.’ அத்தோடு நிறுத்திவிடுங்கள். அவர் திட்டலாம், எழுந்து அடுப்படிக்குப் போய்விடலாம், ஒன்றுமே பேசாமலும் இருக்கலாம். மூன்றையும் தாங்கிக்கொண்டு 20 நிமிடம் இருங்கள். பையனின் பேரைச் சொல்லுங்கள். 4 மாதமாக அந்தப் பேரை அவரிடம் யாருமே சொல்லியிருக்க மாட்டார்கள். புகைப்படத்தைக் காட்டினால் வாங்கிப் பார்த்து, அது எப்போது எடுத்தது என்று கேளுங்கள். ‘கோவிலுக்கு வாங்க’ என்ற பேச்சு அன்று வேண்டவே வேண்டாம். அதைச் சொன்னால் வருகைப் பதிவேட்டுக்காக வந்தீர்கள் என்று ஆகிவிடும்.

‘அவன் பரலோகத்துல இருப்பானா ஐயரே?’ என்ற கேள்வி வரும். அன்றைக்கு வராவிட்டாலும் மூன்றாவது, நான்காவது சந்திப்பில் கட்டாயம் வரும். தப்பித்துப் போகாதீர்கள், வேதபாடமும் எடுக்காதீர்கள். தாங்க முடியாத வலியில் ஒருவன் செய்ததை வைத்து அவனைத் தீர்ப்பிடுகிற அதிகாரம் சபைக்குக் கொடுக்கப்படவில்லை, அவனை நேசித்தவரின் கையில் விடுகிறோம் என்று சொல்லுங்கள். தற்கொலை செய்துகொண்டவர்களின் நித்திய மீட்பைக் குறித்து நம்பிக்கை இழக்கக் கூடாது என்று கத்தோலிக்க மறைக்கல்வி ஏடும் வெளிப்படையாகவே சொல்கிறது. சங்கீதம் வாசிக்கக் கேட்டால் 23 வேண்டாம், அதை அடக்கத்தன்றே கேட்டிருப்பார். 88-ஐ வாசியுங்கள். ஆறுதல் வசனம் ஒன்றும் இல்லாமல் இருளிலேயே முடிகிற சங்கீதம் அது. நம் வேதாகமத்தில் அதற்கும் இடம் இருக்கிறது என்று தெரிவதே சிலருக்கு முதல் ஆறுதல்.

அந்த வீட்டில் வேறு பிள்ளைகள் இருந்தால், அவர்களையும் தகப்பனையும் தனித்தனியே கவனியுங்கள். தற்கொலை நடந்த வீட்டில் மற்றவர்களுக்கும் அந்த ஆபத்து கூடுதல். ‘உயிரோட இருக்க வேண்டாம்னு தோணுதா?’ என்று நேராகவே கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக உண்டாவதில்லை. கேட்காவிட்டால்தான் சொல்ல வழியில்லாமல் உள்ளேயே கிடக்கும். ‘ஆமா’ என்று பதில் வந்தால் ஜெபித்துவிட்டுக் கிளம்பக் கூடாது. அவரைத் தனியே விடாமல் ஒருவரை உடன் இருக்கச் செய்யுங்கள். வீட்டில் இருக்கும் பூச்சிமருந்தையும் தூக்க மாத்திரையையும் அப்புறப்படுத்தச் சொல்லி, எடுத்ததைக் கண்ணால் பார்த்துவிட்டு வாருங்கள். மறுநாளே மாவட்டத் தலைமை மருத்துவமனை மனநலப் பிரிவுக்கு நீங்களே கூட்டிப் போங்கள். நடு இரவென்றால் அரசின் மனநல உதவி எண்ணான டெலிமானஸ் 14416 இருக்கிறது. தற்கொலைத் தடுப்பு அமைப்பான சென்னை சிநேகாவின் எண் 044-24640050. இரண்டையும் நீங்கள் குடியிருக்கும் குருமனைச் சுவரில் எழுதி ஒட்டுங்கள். போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று பயந்து மறைப்பவர்களிடம், கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கருத வேண்டும், வழக்கு தொடுத்துத் தண்டிக்கக் கூடாது என்று 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115-ஆம் பிரிவு இருப்பதைச் சொல்லுங்கள்.

இனி உங்கள் பெரிய கேள்விக்கு வருகிறேன். நல்ல போதகர் யார் என்பதற்கு எசேக்கியேல் 34-ஆம் அதிகாரம் 4-ஆம் வசனத்தைவிட நல்ல வேலைப்பட்டியல் இல்லை. பலவீனமானவை, நசல்கொண்டவை (நோயுற்றவை), எலும்பு முறிந்தவை, துரத்துண்டவை (விரட்டப்பட்டவை), காணாமற்போனவை என்று ஆடுகளை 5 வகையாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் மேய்ப்பர்கள் எதைச் செய்யாமல் விட்டார்கள் என்று குற்றப்பத்திரிகை வாசிக்கிற வசனம். பிரசங்கம் பண்ணவில்லை என்ற குற்றச்சாட்டு அதில் எங்கும் இல்லை என்பதைக் கவனியுங்கள்!

அந்த 5 சொற்களை வைத்தே உங்கள் குடும்பப் பதிவேட்டை ஒரு தடவை வாசியுங்கள். வயதாகிப் படியிறங்க முடியாதவர்கள், நோயாளிகள், துக்கத்திலோ பிரிவிலோ முறிந்துபோன குடும்பங்கள், சும்மா வருவதை நிறுத்திக்கொண்டவர்கள் என்று பேர்கள் எளிதாக விழும். திணறப் போவது நான்காவது வகையில், ‘துரத்துண்டவை’யில். சாதி மாறிக் கல்யாணம் செய்ததால் சபையார் முகம் கொடுக்காத பெண், கமிட்டித் தேர்தலில் தோற்ற பிறகு ஒதுக்கப்பட்ட குடும்பம், சபைக்குக் கட்டும் சங்கக் காணிக்கை பாக்கி என்று பொதுவில் பேர் வாசிக்கப்பட்டவர் எல்லாரும் அந்த வகை. இவர்கள் வழிதவறிப் போனவர்கள் அல்லர், நாம் விரட்டியவர்கள். முதலில் போக வேண்டிய வீடு இவர்களுடையது.

280 குடும்பம் என்று மலைக்க வேண்டாம், கணக்குப் போடுங்கள். வாரம் 2 நாள், நாளுக்கு 3 வீடு என்றால் 47 வாரத்தில் எல்லா வீடும் முடிந்துவிடும். சபை விருந்தான அசனப் பண்டிகை, கிறிஸ்துமஸ், கன்வென்ஷன் என்று 5 வாரம் போனாலும் வருடம் சரியாக இருக்கும். 17-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் கிடர்மின்ஸ்டரில் ரிச்சர்ட் பாக்ஸ்டர் என்ற குருவானவர், துணைக்கு ஒருவரை வைத்துக்கொண்டு, திங்களும் செவ்வாயும் இதற்கென்றே ஒதுக்கி, வாரம் 15, 16 குடும்பம் வீதம் 800-க்கு மேற்பட்ட குடும்பங்களை ஒரு வருடத்தில் சந்தித்துமுடிக்கும்படி திட்டம் வைத்திருந்தார். அவரிடம் மோட்டார் பைக் இல்லை.

சந்திப்பில் எங்கே பிசகுகிறது தெரியுமா? காபி நன்றாகக் கிடைக்கும் வீட்டுக்கு 4 தடவை, ஊர்க்கோடி வீட்டுக்கு ஒரு தடவைகூட இல்லை என்பதில். ஐயர் எந்த வீட்டில் உட்காருகிறார், எந்த வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடிக்கிறார், எந்த வீட்டில் ‘இப்பத்தான் குடிச்சேன்’ என்று நழுவுகிறார் என்று ஊர் கணக்கு வைத்திருக்கிறது. சாதியைப் பற்றிய உங்கள் பிரசங்கத்தை அந்த டம்ளரை வைத்துத்தான் மதிப்பிடுவார்கள்.

ஒரு சின்ன நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். தேதி, பேர், மறுபடி போக வேண்டிய நாள் என்று மூன்றே பத்தி. துக்க வீடென்றால் 30-ஆம் நாள், இறந்தவரின் பிறந்தநாள், முதல் கிறிஸ்துமஸ், வருஷ நினைவு நாள் என்ற 4 தேதிகளை அடக்கம் முடிந்த அன்றே அதில் குறித்துவிடுங்கள். 30-ஆம் நாள் வரை வீடு நிறைய ஆள் இருக்கும். அதற்குப் பிறகுதான் வீடு காலியாகும், உங்கள் வேலையும் அப்போதுதான் தொடங்கும். அவர்கள் மனம் விட்டுச் சொன்ன ரகசியம் எதையும் அந்த நோட்டில் எழுதாதீர்கள். நோட்டு தொலையும்.

கேட்பது ஒரு வரம் என்று சொல்லிப் பலர் தப்பித்துக்கொள்கிறார்கள். அது பழக்கம்தான், பழகினால் வரும். அமெரிக்காவின் மாசசூசெட்ஸில், வூஸ்டர் அரசு மனநல மருத்துவமனையில் 1925-இல் ஆன்டன் பாய்சன் என்ற போதகர் இறையியல் மாணவர்களை நோயாளிகளிடம் அனுப்பிப் பயிற்சி கொடுக்கத் தொடங்கினார். அவரே முன்பு மனநோயாளியாக மருத்துவமனையில் இருந்து மீண்டவர். அங்கிருந்து வளர்ந்த பயிற்சிமுறையில் ஒரு பாடம் உண்டு: சந்திப்பு முடிந்ததும், நடந்த பேச்சை நினைவிலிருந்து வரிக்கு வரி எழுதி, மூத்தவர் ஒருவரோடு உட்கார்ந்து வாசிப்பது. வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் சாப்ளின்கள் (மருத்துவமனைப் போதகர்கள்) இந்த வகைப் பயிற்சி தருகிறார்கள். போக முடியாவிட்டால் வாரம் ஒரு சந்திப்பை வீட்டிலேயே எழுதிப் பாருங்கள். அநேகமாக இப்படி இருக்கும்:

‘சர்க்கரை இறங்கவே மாட்டேங்குது ஐயரே. கால்ல ஒரு விரலை எடுக்கணுமாம்.’

‘கவலைப்படாதீங்க. எத்தனையோ பேர் எடுத்துட்டு நல்லா நடமாடுறாங்க. கர்த்தர் கைவிட மாட்டார்.’

‘ஆமா ஐயரே.’

‘ஜெபம் பண்ணுவோமா?’

இதில் ‘ஆமா ஐயரே’ என்ற இடத்தில் கதவு மூடிவிட்டது. அவர் சம்மதித்ததாக நீங்கள் நினைத்தீர்கள்; அவர் மரியாதைக்கு முடித்துக்கொண்டார். அதே இடத்தில், ‘எப்போ சொன்னாங்க?’ என்று கேட்டுவிட்டு மனதுக்குள் 10 வரை எண்ணியிருந்தால், ‘நேத்து சாயந்தரம். பொண்ணுக்கு இன்னும் சொல்லல ஐயரே, அடுத்த மாசம் அவளுக்கு நிச்சயம் வச்சிருக்கு’ என்று வந்திருக்கும். பாரம் விரலில் இல்லை, நிச்சயதார்த்தத்தில் இருக்கிறது. ஜெபிக்க வேண்டியதும் அதற்குத்தான். எழுதிப் பார்க்காத வரை இந்த இடம் நம் கண்ணில் படாது. படித்து முடித்ததும் தாளைக் கிழித்துப் போடுங்கள்.

மருத்துவமனைச் சந்திப்புக்குச் சில விதிகள். உள்ளே போகுமுன்பும் வந்த பிறகும் கை கழுவுங்கள். கட்டிலில் உட்காராமல், நோயாளி கழுத்தைத் திருப்பாமல் உங்களைப் பார்க்கிற இடத்தில் நாற்காலியைப் போடுங்கள். நின்றுகொண்டே பேசினால் கிளம்பத் தயாராக நிற்பது போலத்தான் தெரியும். வார்டில் 10 நிமிடம், தீவிர சிகிச்சைப் பிரிவில் 2 நிமிடம் போதும். ‘ஜெபம் பண்ணட்டுமா, எதுக்காகப் பண்ணணும்?’ என்று கேட்டு, அவர் சொன்ன சொல்லையே வைத்து ஒரு நிமிடத்துக்குள், அடுத்த கட்டிலுக்குக் கேட்காத குரலில் ஜெபியுங்கள். எண்ணெய் பூசுவது யாக்கோபு 5:14-இல் உள்ளதுதான். நெற்றியில் ஒரு துளி, புண்ணில் வேண்டாம். ‘சுகமாயிரும்’ என்று வாக்குக் கொடுப்பதும், மாத்திரையைக் குறைக்கச் சொல்வதும் உங்கள் வேலை அல்ல. நினைவில்லாமல் கிடப்பவருக்குக் காது கேட்கிறது என்றே வைத்துக்கொண்டு பேசுங்கள், அவர் தலைமாட்டில் நின்று அடக்கச் செலவைப் பேசவிடாதீர்கள்.

திருவிருந்து கொண்டுபோகும்போது ஒரு எச்சரிக்கை. பக்கவாதம் வந்தவருக்கு விழுங்குவது தடைப்பட்டிருக்கலாம், அப்பத் துணுக்கு மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். செவிலியரிடம் கேட்காமல் வாயில் எதுவும் கொடுக்கக் கூடாது. அறுவை சிகிச்சைக்காகப் பட்டினி போட்டிருந்தாலும் அப்படியே. நீங்கள் திரும்பி வந்துவிட வேண்டியதும் இல்லை. தகுந்த தடை காரணமாக வாயால் வாங்க முடியாதவர், மனந்திரும்பி விசுவாசித்தால் கிறிஸ்துவின் சரீரத்திலும் இரத்தத்திலும் பங்கு பெறுகிறார் என்று அதே 1662 ஜெபப் புத்தகம் குறிப்பு எழுதி வைத்திருக்கிறது. வார்த்தைகளைச் சொல்லி, கையைத் தொட்டு ஆசீர்வதித்தால் போதும்.

வெளியே வரும்போது வராந்தாவில் தூக்குச்சட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஒரு பெண் உட்கார்ந்திருப்பார். நோயாளியின் மனைவி. மூன்று நாளாகச் சரியாகத் தூங்கியிருக்க மாட்டார். அந்தச் சட்டியில் அவர் சாப்பிட்ட மிச்சம் இருக்கிறதா, சாப்பிடாததே இருக்கிறதா என்று பாருங்கள். சந்திப்பின் பாதி அவருக்கு உரியது. கூட்டி வந்து டீ வாங்கிக் கொடுங்கள், ஒரு இரவு மாற்றாள் இருக்கச் சபையில் ஒருவரைப் பிடியுங்கள்.

ரகசியம் காப்பதில் நம் சபைகளில் பெரிய ஓட்டை ஒன்று உண்டு. அதற்குப் பேர் ஜெபக் குறிப்பு. ‘ஒரு சகோதரியின் குடும்பத்தில் சமாதானத்துக்காக’ என்றாலே ஊர் முழுக்க யாரென்று தெரிந்துவிடும். சம்மதம் கேட்காமல் மேடையிலும் சொல்லாதீர்கள், வாட்ஸ்அப் குழுவிலும் போடாதீர்கள், பேரை மாற்றிப் பிரசங்க உதாரணமாகவும் ஆக்காதீர்கள். அதே நேரம் எல்லையும் உண்டு. குழந்தை பாலியல் கொடுமைக்கு உள்ளானது தெரியவந்தால், குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012-ஆம் ஆண்டு போக்சோ சட்டத்தின் 19-ஆம் பிரிவுப்படி தெரிந்தவர் எவரும் புகார் செய்தே ஆக வேண்டும். மறைத்தால் 6 மாதம் வரை சிறையோ அபராதமோ உண்டு. சபை விசாரணை, திருமண்டல (மறைமாவட்ட) விசாரணை எதுவும் அதற்கு ஈடாகாது. குழந்தைகள் உதவி எண் 1098. ஆகவே ஒருவர் மனம் திறக்குமுன்பே சொல்லிவிடுங்கள்: ‘வெளியே சொல்ல மாட்டேன். ஆனா ஒரு பிள்ளைக்கோ உங்க உயிருக்கோ ஆபத்துன்னா, உதவி செய்யக்கூடியவங்ககிட்ட சொல்லித்தான் ஆகணும்.’

புருஷன் அடிக்கிறான் என்று வந்த பெண்ணிடம் ‘பொறுத்துப் போம்மா’ என்று சொல்லி அனுப்புவதும், இருவரையும் எதிரெதிரே உட்காரவைத்துச் சமாதானம் பேசுவதும் அவளுக்கு அன்றிரவே இன்னொரு அடி வாங்கிக் கொடுக்கும். அவளைத் தனியே கேளுங்கள். பெண்கள் உதவி எண் 181-ஐக் கொடுங்கள், அன்றிரவு தங்க இடம் பாருங்கள். பெண்களோடு பேசும்போது அறைக்கதவு திறந்திருக்கட்டும், பேச்சு கேட்காத தூரத்தில் ஐயரம்மாவோ துணை ஊழியரான உபதேசியாரோ கண்ணில் படும்படி இருக்கட்டும். கடன் கொடுக்கவும் வேண்டாம், வாங்கவும் வேண்டாம். சொத்துப் பாகப்பிரிவினைக்குப் போய் உட்காராதீர்கள். ஒரு பக்கம் உங்களை இழந்துவிடும்.

இவ்வளவையும் நீங்கள் ஒருவரே செய்ய முடியாது. விடியற்காலை முதல் சாயங்காலம் வரை ஜனத்துக்கு நியாயம் விசாரித்துக்கொண்டிருந்த மோசேயைப் பார்த்து அவன் மாமன், ‘நீர் செய்கிற காரியம் நல்லதல்ல’ என்றான். ஒவ்வொரு ஊரிலும் காது கொடுக்கத் தெரிந்த இரண்டு பேரை, பெரும்பாலும் அவர்கள் கமிட்டியில் இருக்க மாட்டார்கள், கண்டுபிடித்துப் பழக்குங்கள். திங்கட்கிழமை உங்களுக்கும் ஐயரம்மாவுக்கும் பிள்ளைகளுக்கும் உரியதாக இருக்கட்டும், சாவு தவிர எதற்கும் எழும்ப வேண்டாம். நீங்கள் போய் மனம் விட்டுப் பேச, உங்கள் மாற்றலிலோ பதவி உயர்விலோ கை வைக்க முடியாத ஒரு மூத்த குருவானவர் உங்களுக்கு வேண்டும்.

என்றைக்காவது மாற்றல் உத்தரவு வரும். கணக்குப் புத்தகத்தையும் பதிவேடுகளையும் ஒப்படைக்கும்போது அடுத்த ஐயருக்கு ஒரு பக்கம் தனியாக எழுதிக் கொடுங்கள். ரகசியம் எதுவும் அதில் வேண்டாம். படுக்கையில் இருப்பவர்கள் யார், துக்கத்தின் முதல் வருடத்தில் இருப்பவர்கள் யார், எந்தத் தேதிக்கு எந்த வீட்டுக்குப் போக வேண்டும் என்பது மட்டும். முதல் வரியில் அந்தப் பையனின் பேரும் பிறந்தநாளும் இருக்கட்டும். பிறந்தநாள் உங்களுக்குத் தெரியாவிட்டால் இந்த வாரம் ஞானஸ்நானப் பதிவேட்டில் பார்த்துக்கொண்டு, பிறகு அந்த வீட்டுக்குக் கிளம்புங்கள்.